அப்பாவின் சஃபாரி

வீட்டுக்கு வெள்ளையடிப்பது என்று முடிவு செய்துவிட்டால் முதலில் வெளியே வருவது பீரோ. அடுத்து அந்த பீரோவிலிருந்து வெளியே வருவது, மறந்துபோனதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிற அத்தனை சமாசாரங்களும்!

பொங்கலுக்கு முன்னால் எங்கள் திண்டிவனம் வீட்டில் இதுதான் நடந்தது. நான் பீரோவின் பின்பக்கம், என் மனைவி முன்பக்கம். தூக்கினோம். அசையவில்லை. ''உள்ள இருக்கிறதை எடுங்க முதல்ல'' என்றாள். எடுத்தோம். அம்மாவின் கல்யாணப் புடவை, என் டென்த் மார்க் ஷீட், ஒரு டஜன் ரசீது புத்தகம், அடியில் ரசகற்பூர உருண்டைகளுக்கு நடுவே மடித்து வைத்த காப்பிப்பொடி கலர் துணி.

பிரித்தாள். அரைக்கை. முன்னால் நாலு பாக்கெட். தோளில் இரண்டு பட்டி. அதே துணியில் பேண்ட்.

''ஏங்க, இது என்ன வாட்ச்மேன் டிரஸ் மாதிரி? பாத்திரக்காரன்கிட்ட போட்டா ஒரு டிபன் பாக்ஸாவது தருவான்.''

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. ''மெதுவா பேசும்மா. அது உங்க மாமாவோட சஃபாரி. திண்ணையிலதான் உட்கார்ந்திருக்காரு.''

எனக்குச் சுரீர் என்றது. மனைவி சொன்னதில் தப்பே இல்லை. தெரியாமல் சொன்னாள். அதே வார்த்தையைத் தெரிந்தே சொன்ன ஒருத்தன் வீட்டில் இருக்கிறான். பீரோவின் பின்பக்கம் நின்றுகொண்டிருந்தான்.

அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் சஃபாரி கதை.

1993-ல் எனக்கு ஐந்து வயசு. அந்த வருஷம் செப்டம்பர் 30-ம் தேதி தென்னாற்காடு மாவட்டத்தைப் பிரித்து, விழுப்புரத்தைத் தலைநகராக வைத்துப் புது மாவட்டம் உண்டாக்கினார்கள். அதுவரைக்கும் எங்களுக்கு எதற்கெடுத்தாலும் கடலூர்தான். ஒரு கையெழுத்துக்குக் கடலூர், அந்தக் கையெழுத்தில் ஒரு சுழி குறைந்தால் மறுபடியும் கடலூர். புது மாவட்டம் வந்ததும் விழுப்புரத்தில் புதுசு புதுசாக ஆபீஸ்கள் முளைத்தன. அதில் ஒன்றில் அப்பாவுக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. கிளார்க் நாற்காலிதான். ஆனாலும் மாவட்டத் தலைநகர நாற்காலி!

போய்ச் சேர்ந்த முதல் வாரமே அப்பா ஒரு விஷயத்தைக் கவனித்துவிட்டார். ஆபீஸர்கள் எல்லாரும் சஃபாரியில் வருகிறார்கள். அம்மாவிடம் அவர் சொன்ன தத்துவம் எங்கள் வீட்டில் இன்றைக்கும் பிரபலம்.

''வேட்டி கட்டிட்டுப் போனா 'இன்னாய்யா வேணும்'ங்கறான். பேண்ட் சட்டை போட்டுட்டுப் போனா 'என்ன சார்'ங்கறான். சஃபாரி போட்டுட்டுப் போனா எழுந்து நிக்கிறான்!''

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டெய்லர் பாய் இருந்தார். அந்த வருஷம் போனஸ் பணத்தில் துணி எடுத்து அவரிடம் கொடுத்தார் அப்பா. பாய் அளவு எடுத்துக்கொண்டே, ''இது சட்டை இல்ல சார், பதவி'' என்றாராம். பதவிக்குத் தையல் கூலி கொஞ்சம் ஜாஸ்தி.

முதல் நாள் சஃபாரி போட்டுக்கொண்டு அப்பா விழுப்புரம் பஸ்ஸில் ஏறியதும் பஸ்ஸுக்குள் ஒரு சலசலப்பு. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் சட்டைப் பாக்கெட்டைத் தடவினார்கள். முந்தானை முடிச்சை அவிழ்த்தார்கள். டிக்கெட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். அப்பாவைச் செக்கிங் இன்ஸ்பெக்டர் என்று நினைத்துவிட்டது மொத்த பஸ்ஸும்! பின் ஸீட்டில் இருந்த ஒருத்தன், விக்கிரவாண்டி போக வேண்டியவன், கூட்டேரிப்பட்டிலேயே இறங்கி ஓடிவிட்டான். கண்டக்டரே ஒரு தரம் பையை எண்ணிப் பார்த்துக்கொண்டாராம்.

''அப்ப நீங்க என்ன பண்ணீங்க?'' என்று சின்ன வயசில் கேட்டிருக்கிறேன்.

''நானும் டிக்கெட் வாங்கினேன். வேற என்ன பண்றது?''

இனி, நான் சொல்லத் தயங்குகிற கதை.

2007. பி.காம். இரண்டாம் வருஷம். பரீட்சைக்குப் பணம் கட்டக் கடைசி நாள். நான் வழக்கம்போலப் பணத்தை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். அப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பணத்தோடு காலேஜுக்கு வந்தார். சஃபாரியில்.

அதற்குள் உலகம் மாறியிருந்தது. ஆபீஸர்கள் எல்லாம் கோடு போட்ட சட்டைக்கு மாறிவிட்டார்கள். சஃபாரி போட்டவர்கள் என்று மிச்சமிருந்தது கல்யாண மண்டபத்து வாசலிலும் ஏ.டி.எம். வாசலிலும் நிற்கிறவர்கள்தான்.

கேட் பக்கம் நாங்கள் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தோம். தூரத்தில் அப்பா வருவதைப் பார்த்து ஒருத்தன் சொன்னான். ''டேய், யாருடா அது? ஏ.டி.எம். செக்யூரிட்டி உன்னைப் பார்த்துக் கையாட்டிட்டு வர்றாரு?''

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுச் சொன்னேன்:

''எங்க ஊர்க்காரர்டா. வீட்ல பணம் குடுத்து அனுப்பியிருப்பாங்க.''

சொல்லி முடிப்பதற்குள் அப்பா பக்கத்திலேயே வந்துவிட்டார். காதில் விழுந்ததா? விழுந்தது. எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவர் மேல் பாக்கெட்டிலிருந்து கவரை எடுத்து நீட்டி இப்படிச் சொன்னார்:

''இந்தாங்க தம்பி. உங்க வீட்ல குடுக்கச் சொன்னாங்க. எண்ணிப் பார்த்துக்குங்க.''

'ங்க' போட்டார். பெற்ற பையனுக்கு 'ங்க' போட்டார். என் பொய் நண்பர்கள் முன்னால் உடைந்துவிடக் கூடாதென்று அந்தப் பொய்க்கு அவரே முட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்துபோனார்.

ராத்திரி சாப்பிடும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆபீஸ் போனார். அடுத்த வருஷம் ரிடையர் ஆனார். பிரிவு உபசார போட்டோவில்கூட வெள்ளைச் சட்டைதான். சஃபாரி பீரோவுக்குள் போய்விட்டது.

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் ஒரு பக்கம் பற்று, ஒரு பக்கம் வரவு என்று மனசுக்குள் கோடு போடுவான். அந்தக் கோட்டில் இந்த ஒரு பதிவு மட்டும் வருஷா வருஷம் அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகப்பட்டுக்கொண்டே இருந்தது.

ஏழு வருஷம் கழித்து, 2014-ல், நான் சென்னையில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கென்யாவிலிருந்து, மொம்பாசா துறைமுகத்துக்காரர் ஒருவர் சரக்கு பார்க்க வந்திருந்தார். நல்ல உயரம், நல்ல சிரிப்பு. ஒரு திங்கட்கிழமை காலையில் ஊரிலிருந்து பஸ் பிடித்து, கசங்கிப்போய் ஆபீஸுக்குள் நுழைகிறேன். அவர் என்னைப் பார்த்து, ''உங்கள் சஃபாரி எப்படி இருந்தது?'' என்று இங்கிலீஷில் கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு கணம், இந்த ஆளுக்கு எப்படி எங்கள் வீட்டு பீரோ விவகாரம் தெரிந்தது என்றுகூடத் தோன்றிவிட்டது. அப்புறம் சமாளித்துக்கொண்டு, ''எங்கள் ஊரில் சிங்கம் புலி எல்லாம் கிடையாது சார். அதற்கு நீங்கள் வண்டலூர் போக வேண்டும்'' என்றேன்.

அவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு விளக்கினார். அவருடைய ஸ்வாஹிலி மொழியில் சஃபாரி என்றால் பயணம். அவ்வளவுதான். சிங்கமும் இல்லை, துப்பாக்கியும் இல்லை, ஜீப்பும் இல்லை. மாமியார் வீட்டுக்குப் போனாலும் சஃபாரி, மார்க்கெட்டுக்கு லாரியில் போனாலும் சஃபாரி. ஊரிலிருந்து வந்தவரைப் பார்த்ததும் 'ஹபாரி யா சஃபாரி?' என்பார்கள். பயணம் எப்படி, என்று அர்த்தம். கிளம்புகிறவரிடம் 'சஃபாரி ஞ்ஜெமா' என்பார்கள். நாம் 'போயிட்டு வாங்க' என்கிறோமே, அது.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. பழைய புத்தகக் கடை, லைப்ரரி, டிக்ஷனரி என்று அந்த ஒரு சொல்லின் பின்னாலேயே ஓடினேன். ஓடியதில் தெரிந்தது இது.

சஃபாரி ஸ்வாஹிலிக்கும் சொந்தச் சொல் இல்லை, கடன்தான்! அரபு மொழியில் 'ஸஃபர்' என்றால் பயணம். ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக அரபு வணிகர்கள் பருவக்காற்றைப் பிடித்துப் பாய்மரக் கப்பலில் கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போய் வந்தார்கள். அந்தக் கரையில் பேசிய பாண்டு இன மொழி, அரபுச் சொற்களை ஏராளமாக வாங்கிக்கொண்டு வளர்ந்தது. 'ஸ்வாஹிலி' என்ற பெயரே 'கடற்கரைகள்' என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

அரபு ஸஃபர் அந்தப் பக்கம் ஆப்பிரிக்காவுக்குப் போன மாதிரியே, பாரசீகம், உருது வழியாக இந்தப் பக்கம் நம்மிடமும் வந்தது. ரயில்வேக்காரர்கள் 2016-ல் 'ஹம்சஃபர்' என்று ஒரு ரயில் விட்டார்களே, அதற்கு 'சக பயணி' என்று அர்த்தம். நம் கடற்கரை ஊர் முஸ்லிம்கள், பிழைப்புக்காக வெளிநாடு போனவரைச் 'சபுராளி' என்பார்கள். எல்லாம் அந்த ஸஃபரின் பேரன் பேத்திகள். (இஸ்லாமிய மாதம் ஒன்றுக்கும் 'ஸபர்' என்று பெயர் இருக்கிறது. அது வேறு. அரபியில் அதன் முதல் எழுத்தே வேறு. தமிழில் எழுதினால்தான் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.)

ஒலி ஒன்றாக இருந்தால் உறவு என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கு இன்னொரு உதாரணமும் உண்டு. ஸ்வாஹிலியில் சிங்கத்துக்குச் 'சிம்பா'. உடனே நாம், 'ஆஹா, நம்ம சிம்மம்!' என்று மார்தட்டுவோம். இல்லையாம். அது பாண்டு மொழிகளின் சொந்தச் சொல். தற்செயலாக ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

சரி, பயணம் என்கிற சாதுவான சொல் எப்படி வேட்டையாச்சு? எப்படிச் சட்டையாச்சு?

1850-களில் ரிச்சர்ட் பர்ட்டன் என்கிற ஆங்கிலேயர், ஆப்பிரிக்காவின் பெரிய ஏரிகளைத் தேடிக் கிளம்பினார். நூற்றுக்கணக்கான சுமைகூலிகள் வரிசையாக நடக்கிற அந்தப் பயணத்தை உள்ளூர்க்காரர்கள் சொல்கிற மாதிரியே 'சஃபாரி' என்று எழுதினார். சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அப்புறம் வெள்ளைக்காரர்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். 1909-ல் அமெரிக்க ஜனாதிபதி பதவியை விட்டு இறங்கிய கையோடு தியோடர் ரூஸ்வெல்ட் கென்யாவுக்கு வந்தார். அவரும் அவர் மகனும் சேர்ந்து சுட்ட பெரிய மிருகங்கள் மட்டும் 500-க்கு மேல். போகிற வழியெல்லாம் பத்திரிகைச் செய்தி. அன்றிலிருந்து உலகத்துக்குச் சஃபாரி என்றால் வேட்டை.

காட்டுக்குப் போக ஒரு சட்டை வேண்டாமா? தோட்டா வைக்க, காம்பஸ் வைக்க, மேப் வைக்க நாலு பாக்கெட். துப்பாக்கியும் பையும் நழுவாமல் இருக்கத் தோளில் பட்டி. ராணுவத்தில் போடுகிற காக்கிச் சட்டையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டார்கள். காக்கி என்ற சொல்லாவது வெள்ளைக்காரனுடையதா என்றால் அதுவும் இல்லை. பாரசீகத்தில் 'காக்' என்றால் மண், புழுதி. 1840-களின் கடைசியில் பெஷாவர் பக்கம் இருந்த ஒரு படைப்பிரிவில்தான் அந்தப் புழுதி நிற உடுப்பு ஆரம்பமானது.

1968-ல் பாரிஸின் பிரபல டிசைனர் ஈவ் சான் லாரன் அந்த வேட்டைச் சட்டையை நாகரிக உடையாக்கினார். 70-களில் ரோஜர் மூர் ஜேம்ஸ்பாண்டாக அதைப் போட்டுக்கொண்டு வில்லன்களைத் துரத்தினார். டெரிகாட்டன் துணியும் உஷா மெஷினும் இருக்கிற நாட்டுக்கு அது வராமல் இருக்குமா? வந்தது. வெயிலுக்கு அரைக்கை வைத்தார்கள். டை வேண்டாம், கோட் வேண்டாம், ஆனால் கோட் போட்ட கௌரவம் உண்டு. பாங்க் மேனேஜர் போட்டார், பி.டி.ஓ. போட்டார், மாப்பிள்ளை ரிசப்ஷனுக்குப் போட்டார்.

கடைசியில் திண்டிவனம் டெய்லர் பாய் அதை அப்பாவுக்குத் தைத்தார். தோட்டா வைக்கிற பாக்கெட்டில் அப்பா பஸ் பாஸ் வைத்தார். காம்பஸ் பாக்கெட்டில் மூக்குப்பொடி மட்டை. மேப் பாக்கெட்டில் அம்மா எழுதிக் கொடுத்த மளிகை லிஸ்ட்.

இப்போது ஸ்வாஹிலியோடு நமக்குள்ள கணக்கைப் பார்ப்போம். பி.காம். புத்தி, மன்னிக்கவும்!

நாம் வாங்கியது சஃபாரி. பதிலுக்கு இந்தியா கொடுத்தது கொஞ்சமா? அவர்கள் ஊரில் பணத்துக்குப் 'பேசா'. நம்ம பைசாதான். 2007-ல் கென்யாவில் செல்போன் மூலம் பணம் அனுப்புகிற திட்டம் ஒன்று வந்து உலகப் புகழ் பெற்றது. அதன் பெயர் எம்-பேசா. அங்கே லட்சத்துக்கு 'லாகி'. வண்டிக்கு 'காரி', நம்ம காடிதான். இன்ஷூரன்ஸுக்கு 'பீமா'. எல்.ஐ.ஸி. ஏஜெண்டுகள் கவனிக்கவும்! டீக்குச் 'சாய்', சப்பாத்திக்குச் 'சப்பாத்தி'யே. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவருக்குக் 'கூலி'. அது நம் தமிழ்க் கூலிதான் என்று சிலர் சொல்கிறார்கள், குஜராத்தின் கோலி இனத்தார் பெயர் என்று சிலர் சொல்கிறார்கள். வழக்கு நடக்கிறது.

இந்தச் சொற்கள் எல்லாம் எப்படிப் போயின? மனிதர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். 1896-லிருந்து 1901 வரை மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிக்கு ரயில் பாதை போட இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுபோனவர்கள் சுமார் 32,000 பேர். பெரும்பாலும் பஞ்சாபிகள். சுமார் 2,500 பேர் அங்கேயே இறந்துபோனார்கள். 1898-ல் சாவோ என்ற இடத்தில் இரண்டு சிங்கங்கள் கூடாரத்துக்குள் புகுந்து ஆட்களை இழுத்துக்கொண்டு போன சம்பவம் சரித்திரத்தில் இருக்கிறது. அந்தத் தொழிலாளிகளின் பயணமும் சஃபாரிதான். அவர்களுக்கு நாலு பாக்கெட் சட்டை கிடையாது.

இவ்வளவையும் மண்டையில் ஏற்றி வைத்திருந்தும், அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் அந்தச் சட்டையைப் பற்றிப் பேச வேண்டும். சட்டையைப் பற்றிப் பேசினால் காலேஜ் கேட்டுக்குப் போய் நிற்க வேண்டும். பத்து வருஷத்துக்கு மேலாக நான் அந்த ஸ்டாப்பிங்கில் இறங்காமலேயே போய்க்கொண்டிருந்தேன்.

வெள்ளையடிக்கிற அன்றைக்கு வேறு வழியில்லை. மனைவி பேசியது திண்ணைக்குக் கேட்டுவிட்டது. ''எடுத்துக் குடுத்துடும்மா, பூச்சி அரிச்சிடப்போவுது'' என்றார் அப்பா, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ''அப்பா, சஃபாரின்னா என்ன அர்த்தம் தெரியுமா?'' என்று ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மொம்பாசாக்காரர், பர்ட்டன், ரூஸ்வெல்ட், பாரிஸ். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். 'பீமா'வுக்குச் சிரித்தார். எல்லாம் முடிந்ததும் தாடையைத் தடவிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

''ஸஃபர்னா பயணம். அப்படின்னா, முசாபரி பங்களாவும் அதுதானா?''

நான் ஆடிப்போய்விட்டேன். இத்தனை வருஷம் தேடியும் எனக்கு இது தோன்றவில்லை! சுற்றுப்பயணம் வருகிற அதிகாரிகள் தங்குவதற்காக வெள்ளைக்காரன் ஊருக்கு ஊர் கட்டி வைத்த டிராவலர்ஸ் பங்களாவுக்குப் பழைய ஆபீஸ் தமிழில் முசாபரி பங்களா என்று பெயர். அரபியில் 'முஸாஃபிர்' என்றால் பயணி. அதே ஸஃபர், அதே குடும்பம். அப்பா எத்தனை ராத்திரி அங்கே தங்கிய அதிகாரிகளுக்கு ஃபைல் சுமந்துகொண்டு போயிருப்பார்! வாசலில் நின்றே ஒரு சொல்லைக் காப்பாற்றி வைத்திருந்திருக்கிறார்.

தைரியம் வந்தது. ''அப்பா... அன்னைக்குக் காலேஜ்ல...''

கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். ''எந்தக் காலேஜ்ல?''

''நீங்க பணம் கொண்டுவந்தீங்களே...''

''அதுவா!'' வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். ''எண்ணிப் பார்த்துக்கன்னு சொல்லித்தானே குடுத்தேன். சரியா இருந்துச்சு இல்ல? அப்புறம் என்ன. பாக்கி எதுவும் கிடையாது.''

பாக்கி என்பதும் அரபுச் சொல்தான் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். தொண்டை வேறு சரியில்லை.

பேச்சை மாற்ற வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, ''இவ்ளோ ஆராய்ச்சி பண்றியே, நம்ம ஊர் பேருக்கு அர்த்தம் தெரியுமா?'' என்றார். தெரியும். திந்திரிணி என்றால் வடமொழியில் புளியமரம். திந்திரிவனம், புளியங்காடு. அதுதான் திண்டிவனமாச்சு. சிவன் கோயிலில்கூடச் சாமி பெயர் திந்திரிணீஸ்வரர்.

''புளியமரம் பூர்வீகத்துல எந்த ஊருன்னு உங்களுக்குத் தெரியுமாப்பா? ஆப்பிரிக்கா!''

தாவரவியல்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். வெப்பமண்டல ஆப்பிரிக்காவில் பிறந்த மரம், எந்தக் காலத்திலோ கடல் தாண்டி இங்கே வந்துவிட்டது. சங்கப் பாடல்களிலேயே புளி இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அரபுக்காரர்கள் அதை இந்தியாவில் பார்த்து 'தமர் ஹிந்தி', இந்தியப் பேரீச்சை, என்று பெயர் வைத்தார்கள். அதுதான் இங்கிலீஷில் டாமரிண்ட். ஆப்பிரிக்க மரத்துக்கு அரபுக்காரன் இந்தியப் பெயர் வைத்து, அதை இங்கிலீஷ்காரன் எடுத்துக்கொண்டான்!

சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள். ''புளியும் வெளியூரா? அப்ப நம்ம வீட்ல நம்மளுதுன்னு என்னதான்டா இருக்கு?''

அது நியாயமான கேள்வி. ஆனால் வெளியூர்ச் சரக்கு வந்து இறங்குவது நம் பக்கத்துக்குப் புதுசா என்ன? முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒரு கிரேக்க மாலுமி எழுதிய 'பெரிப்ளஸ்' என்ற கடல்வழிக் குறிப்பில் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் துறைமுகமும் வருகிறது, நம் கரையின் சோபட்மாவும் வருகிறது. சோபட்மா என்பது நம்ம மரக்காணம்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் போய் உப்பளம் பார்க்கிற மரக்காணம்! இரண்டாயிரம் வருஷமாக அந்தக் கரையும் இந்தக் கரையும் ஒரே புத்தகத்தில்தான் இருக்கின்றன.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் ஒரு கணக்குப் போட்டேன். திண்டிவனம் - விழுப்புரம் சுமார் 38 கிலோமீட்டர். போக வர 76. வருஷத்துக்கு 250 வேலை நாள் என்றால் 19,000. 1993-லிருந்து ரிடையர் ஆகிற வரை 15 வருஷம். மொத்தம் 2,85,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு சுமார் 40,000. எங்கள் அப்பா உலகத்தை ஏழு தரம் சுற்றியிருக்கிறார், பெரும்பாலும் நின்றுகொண்டே!

ரூஸ்வெல்ட்டெல்லாம் எந்த மூலைக்கு? அந்த அர்த்தத்தில் பார்த்தால் சஃபாரிச் சட்டையைச் சரியான காரணத்துக்குப் போட்டது எங்கள் அப்பா மாதிரி ஆட்கள்தான். ஆபீஸ் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியும் இன்னொரு கையால் டிபன் பையும் பிடித்துக்கொண்டு இதைப் படிக்கிற நண்பரே, உங்களுக்கும்தான் சொல்கிறேன். நீங்கள் தினமும் போவது சஃபாரி. டிக்ஷனரி சாட்சி.

தை பிறந்து, அப்பாவின் பழைய ஆபீஸ் நண்பர் பேத்திக்கு விழுப்புரத்தில் கல்யாணம். காலையில் நான் குளித்துவிட்டு வருகிறேன், அப்பா கண்ணாடி முன்னால் நிற்கிறார். காப்பிப்பொடி கலர். உடம்பு வற்றிவிட்டதால் தோள்பட்டி கொஞ்சம் கீழே தொங்குகிறது. மனைவி இஸ்திரி போட்டுக் கொடுத்திருந்தாள்.

''நல்லா இருக்காடா?''

''எழுந்து நிக்கணும்போல இருக்குப்பா.''

காரில் போகலாம் என்றேன். வேண்டாம், பஸ்ஸில்தான் என்றார். ஏறினோம். நாலு வழிச் சாலையில் பஸ் பறந்தது. ஒரு காலத்தில் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் நின்ற புளியமரங்கள் இப்போது இல்லை. பஸ்ஸில் யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. எல்லார் கையிலும் செல்போன், எல்லார் காதிலும் ஒயர். சஃபாரி பார்த்து டிக்கெட் தேடுகிற தலைமுறை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டேரிப்பட்டில் ஒரு பெரியவர் ஏறினார். எழுபது வயசு இருக்கும். தோளில் துண்டு. டிக்கெட் வாங்கி மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி முன்னால் நகர்ந்து வந்தவர் அப்பாவைப் பார்த்தார். தோள்பட்டியைப் பார்த்தார். நாலு பாக்கெட்டையும் பார்த்தார்.

சட்டென்று இடுப்பிலிருந்து டிக்கெட்டை எடுத்து நீட்டினார்.

''விழுப்புரம்ங்க'' என்றார்.

அப்பா அதை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

''சரியா இருக்கு'' என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, நகர்ந்து அவருக்கு உட்கார இடம் கொடுத்தார்.